பிழைத்தவை

காலியாரியில் மூன்றாவது நாளாக வடமேற்குக் காற்று.
கடலுப்பை அள்ளிவந்து சன்னல்களில் பூசுகிறது.
கீழ்த்தளம் எங்களுடையது: ரத்தம்.
மேல்தளம் மெர்ச்செதேயுடையது: விதைகள்.
பதினொரு வருடமாக மாடிப்படியில் ஒரு தலையசைப்பு,
கார் நிறுத்தும் இடத்துக்காக ஒருமுறை சண்டை,
அவ்வளவுதான் பழக்கம்.

அன்றிரவு
அடைக்கோழியின் வயிற்றடிச் சூட்டில்
பெட்டிக்குள் இருந்தன பக்கீசியோவின் செல்கள்.
மஜ்ஜையிலிருந்து இறங்கிவந்த மூலச் செல்கள்,
ஒரு சின்னப் பையில்,
அரிசி களைந்த நீர்போலக் கலங்கி.
பல் பிடுங்கிய வைரஸ் ஒன்று
அவற்றின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தது,
கையில் ஒரே ஒரு மரபணுவோடு,
பெற்றவர் இருவராலும் கொடுக்க முடியாமற்போன ஒன்று.

இந்தத் தீவில் சதுப்பு இருந்தது. சதுப்பில் கொசு.
மலேரியாவில் பிழைத்தவர்களில் பலர்
ரத்தத்தில் இருந்த ஒரு பிழையால் பிழைத்தவர்கள்.
ஒரு பங்கென்றால் அது காப்பு.
தாய் ஒரு பங்கு, தந்தை ஒரு பங்கு தந்துவிட்டால்
பத்தாம் மாதத்திலிருந்து இரவல் ரத்தம்.
சதுப்பைத் தூர்த்தாயிற்று. காய்ச்சலும் போயிற்று.
பிழையிடம் மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

அவனுக்கு இருபத்து மூன்று.
காப்ராஸ் காயலில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன்.
மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன், இரண்டு பை.
"எழுநூறு பேராவது எனக்குள் குடியிருந்து போயிருப்பார்கள்,
ஒருத்தரும் வாடகை தந்ததில்லை" என்பான்.
முதல்முறை எடுத்த செல்கள் போதவில்லை.
இது இரண்டாவது.
மூன்றாவதைப் பற்றி எங்கள் தளத்தில்
யாரும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமியது, எழுந்தது,
ஒரே ஒரு கிளைக்கு உயிர் தந்தது.
மேல்தளத்துக்கு.

நான் ஏறி ஓடியபோது அவள் அங்கே இருந்தாள்,
இரவு உடைமேல் மழைக்கோட்டு,
உறைபெட்டியின் முன்னால், டார்ச் வெளிச்சத்தில்
மைனஸ் இருபதைப் பார்த்தபடி.
உள்ளே கண்ணாடிக் குப்பிகளில் ஒரு செடியின் விதைகள்.
உலகில் அது இருந்தது ஒரே ஒரு பாறைச் சரிவில்.
சரிவு போன கோடையில் எரிந்துவிட்டது.

நான் கேட்டு முடிக்கவில்லை.
பிளக்கைப் பிடுங்கினாள்.
"இதுகளுக்கு வறண்டு கிடக்கத் தெரியும்.
தண்ணீரைத் துளித்துளியாக வெளியே அனுப்பிவிட்டு
உள்ளிருக்கும் சர்க்கரையைக் கண்ணாடியாக்கி
அதற்குள் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும்.
உன் பையனின் செல்லுக்கு
அரைமணி நேரம் காத்திருக்கத் தெரியுமா?"

தெரியாது.
மாடிப்படி வழியே நாற்பது மீட்டர் வயரை இறக்கினோம்.
காவலாளி கொராதோ அதை மிதித்துவிடாமல்
ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

அவ்வளவு உறுதியாகப் பேசியவள்
உறைபெட்டிக் கதவில் பசைநாடா ஒட்டிவிட்டு
படியில் அமர்ந்து சிகரெட் பற்றவைத்தாள்.
நான்கு தீக்குச்சி வேண்டியிருந்தது.
காற்றால் என்றாள்.
உள்ளே காற்றே இல்லை.

ஐந்து மணி நாற்பது நிமிடம்.
என் பெட்டி முப்பத்தேழிலிருந்து நகரவில்லை.
அவளுடையது மைனஸ் மூன்றுவரை ஏறியிருந்தது.

பிறகு நடந்தவை பதிவேட்டில் இருக்கின்றன.
மருந்தால் மஜ்ஜையைக் காலியாக்கியது, முடி கொட்டியது,
வாய்ப்புண்ணால் இருபது நாள் அவன் பேசாதது,
எட்டாம் மாதம் ஹீமோகுளோபின் பத்தரை,
இரவல் இல்லாமல்.

மேல்தளப் பதிவேட்டில்:
ஐம்பது விதை வைத்ததில் முளைத்தவை நாற்பத்தொன்று.
ஒன்பது முளைக்கவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
அழித்து அழித்து எழுதிய ஒரு கேள்விக்குறி.

நேற்று அவன் வந்திருந்தான், சோதனை எதுவும் இல்லாமலே.
வியாழக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியவில்லையாம்.
மேலே அனுப்பினேன்.
மெர்ச்செதே அவன் கையில் ஒரு பீங்கான் தட்டைக் கொடுத்து
"ஆட்டாதே" என்று சொல்வது
கீழேவரை கேட்டது.